கதையா, பிரம்மாண்டமா? 'சந்திரலேகா' எடுத்த எஸ்.எஸ்.வாசனின் வாழ்க்கை சொல்லும் கணக்கு

பெரிய பட்ஜெட் படம் ஒன்று வெளியாகும் ஒவ்வொரு முறையும் சோஷியல் மீடியாவில் ஒரே சண்டைதான். விஷுவல் எல்லாம் செம, ஆனால் கதை எங்கே என்று ஒரு தரப்பு கேட்கும். கதைதான் வேண்டும் என்றால் வீட்டில் உட்கார்ந்து ஓடிடி பாருங்கள், தியேட்டருக்கு வருவதே பிரமிப்புக்காகத்தான் என்று இன்னொரு தரப்பு பதில் சொல்லும்.

இந்தச் சண்டை 'பாகுபலி' காலத்தில் தொடங்கியது அல்ல. கிராஃபிக்ஸ் என்ற சொல்லையே தமிழ் ரசிகர்கள் கேள்விப்படாத 1948-ல், ராட்சத முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கான பெண்களை ஆடவிட்டு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர் ஒருவர் இருந்தார். 'ஆனந்த விகடன்' அதிபர், ஜெமினி ஸ்டூடியோ முதலாளி, 'சந்திரலேகா' இயக்குநர் எஸ்.எஸ்.வாசன்.

பிரம்மாண்டம் என்றாலே இன்றும் அவர் பெயர்தான் முதலில் வரும். ஆனால் அவர் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தால், விஷயம் அவ்வளவு நேர்கோட்டில் இல்லை.

யார் இந்த வாசன்?

1900-களின் தொடக்கத்தில் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர் வாசன். முழுப்பெயர் சுப்பிரமணியம் சீனிவாசன். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மாதான் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து வளர்த்தார். கையில் காசில்லாத குடும்பம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலையில் இறங்கினார்.

அவர் முதலில் கற்றுக்கொண்ட தொழில் சினிமாவும் இல்லை, எழுத்தும் இல்லை. விளம்பரம். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தார். தபால் மூலம் பொருள் அனுப்பும் வியாபாரமும் செய்தார். இன்றைய மொழியில் சொன்னால் ஆன்லைன் ஷாப்பிங்கின் தாத்தா. பொருளை நேரில் பார்க்காத ஒருவரை வெறும் நாலு வரியில் வாங்க வைக்க வேண்டும். அந்த வித்தைதான் பின்னாளில் அவரது சினிமாவுக்கும் அடித்தளமானது.

'ஆனந்த விகடன்' பத்திரிகையைத் தொடங்கியவர் வாசன் என்று பலர் நினைக்கிறார்கள். தொடங்கியவர் பூதூர் வைத்தியநாதையர். அது தள்ளாடிய நேரத்தில், 1928-ல், ரூ.200 கொடுத்து வாசன் வாங்கினார். பெயரில் உள்ள 8 எழுத்துக்கு, எழுத்துக்கு ரூ.25 என்று கணக்குச் சொல்வது பத்திரிகை உலகில் பிரபலமான கதை.

பிறகு கல்கி ஆசிரியர் குழுவுக்கு வந்தார். நகைச்சுவை, தொடர்கதை, கார்ட்டூன், பரிசு கொடுக்கும் குறுக்கெழுத்துப் போட்டி என்று பத்திரிகை வீட்டுக்கு வீடு நுழைந்தது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று வாசகரைக் காத்திருக்க வைப்பது எப்படி என்பது வாசனுக்கு இங்கேதான் பழகியது. அவரே ஒரு தொடர்கதையும் எழுதினார். குடியால் சிதையும் ஒரு குடும்பத்தின் கதையான அந்த 'சதி லீலாவதி', 1936-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கத்தில் படமானது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியது அதில்தான். நாயகன், பிறகு 'சந்திரலேகா'விலும் நாயகனாக நடித்த எம்.கே.ராதா.

ஆக, பிரம்மாண்டத்தின் அடையாளமான மனிதர் சினிமாவுக்குள் வந்தது ஒரு சாதாரணக் குடும்பக் கதை வழியாக.

ஏலத்தில் கிடைத்த ஸ்டூடியோ

அடுத்து வாசன் பட விநியோகத்தில் இறங்கினார். இயக்குநர் கே.சுப்ரமணியம் நடத்திவந்த ஸ்டூடியோ ஒன்று சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்தது. தீ விபத்தில் சேதமடைந்த அந்த இடம் ஏலத்துக்கு வந்தபோது, 1941-ல், ரூ.86,427 சொச்சத்துக்கு வாசன் எடுத்தார். அதுதான் ஜெமினி ஸ்டூடியோ. குழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் அதன் சின்னம்.

நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் என எல்லோரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த இடம் அது. கதைக்கென்றே தனி இலாகா இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு, 'சங்கு' சுப்ரமணியம் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். எழுத்தாளர் அசோகமித்திரன் பல ஆண்டுகள் ஜெமினியில் வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தை வைத்து அவர் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார்.

ஜெமினியின் ஆரம்பகாலப் படங்களைப் பாருங்கள். 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனார்'. ஊருக்கே தெரிந்த பக்திக் கதை, அதற்குத் தேசிகரின் குரல். 1943-ல் 'மங்கம்மா சபதம்'. தன்னை அவமானப்படுத்திய ராஜகுமாரனை, அவனுக்குப் பிறக்கும் மகன் கையாலேயே சவுக்கால் அடிக்க வைப்பேன் என்று சபதம் போடும் பெண்ணின் கதை. அப்பா, மகன் இரண்டு வேடத்திலும் ரஞ்சன். மங்கம்மாவாக, வைஜெயந்திமாலாவின் அம்மா வசுந்தரா தேவி.

பாட்டி சொல்லும் கதை மாதிரி, இவற்றை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். 'மங்கம்மா சபதம்' பெரிய ஹிட். இந்த வெற்றிதான் வாசனை அடுத்த சூதாட்டத்துக்குத் தள்ளியது.

தலைப்பு ரெடி, கதை?

'சந்திரலேகா' என்று பெயர் வைத்து விளம்பரம் கொடுத்தபோது வாசனிடம் கதை இல்லை. பெயர் மட்டும்தான் இருந்தது. கதை இலாகா முன்பு சொன்ன ஒரு கதையை அவர் வேண்டாம் என்று தள்ளியிருந்தார். ஆனால் அதில் வந்த துணிச்சலான பெண்ணின் பெயர் பிடித்துப்போனது. அந்தப் பெயருக்கு ஏற்ற கதையைத் தேடும் வேலை பிறகு தொடங்கியது.

ஜி.டபிள்யூ.எம்.ரெனால்ட்ஸ் எழுதிய 'ராபர்ட் மக்கேர்' என்ற ஆங்கில நாவலில், கொள்ளைக்காரன் வழிமறிக்கும் இடத்தில் ஓர் இளம்பெண் சிக்கிக்கொள்ளும் காட்சி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டினார்கள்.

கட்டி முடித்த கதை என்ன? ஓர் அரசர், இரண்டு மகன்கள். மூத்தவன் வீரசிம்மனுக்குப் பட்டம் என்றதும், இளையவன் சசாங்கன் கொள்ளைக்காரனாக மாறி, நாட்டைப் பிடிக்கிறான். இருவருக்கும் நடுவில் சந்திரலேகா. அவளுக்கு அண்ணனைப் பிடிக்கிறது, தம்பிக்கு அவளைப் பிடிக்கிறது. அவ்வளவுதான்.

எழுத்தில் இருந்தவரை எளிமையான இந்தக் கதை, படப்பிடிப்பில் வளர்ந்துகொண்டே போனது. முதலில் இயக்கியவர் டி.ஜி.ராகவாச்சாரி. 'ஆச்சார்யா' என்று அறியப்பட்டவர், 'மங்கம்மா சபதம்' இயக்குநரும் அவர்தான். அவர் பாதியில் விலக, அதுவரை படம் இயக்கியே இராத வாசன் தானே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். இடையில் கதைக்குள் ஒரு சர்க்கஸ் வந்தது. நிஜ சர்க்கஸ் கம்பெனிகளை வரவழைத்துப் படம் பிடித்தார்கள். கலை இயக்குநர் ஏ.கே.சேகர் ஒன்றன் பின் ஒன்றாக செட் போட்டார். தொடங்கி முடிக்க சுமார் 5 ஆண்டு ஆனது. செலவு சுமார் ரூ.30 லட்சம்.

ரூ.30 லட்சம் என்றால் எவ்வளவு? ஸ்டூடியோவையே ரூ.86 ஆயிரத்துக்கு வாங்கியவர் அவர். அதைப் போல சுமார் 35 மடங்கு பணம் ஒரே படத்தில் இறங்கியது. புகழ்பெற்ற முரசு நடனத்துக்கு மட்டும் சுமார் ரூ.5 லட்சம் என்று சொல்லப்படுகிறது. அந்த ஒரு காட்சியின் செலவில் ஏறக்குறைய 6 ஜெமினி ஸ்டூடியோ வாங்கியிருக்கலாம். பணம் போதாமல் வாசன் சொத்துகளை அடகு வைக்க வேண்டிய நிலை வந்தது. படம் ஓடாவிட்டால், ஸ்டூடியோவோடு சேர்த்துப் பத்திரிகையும் போயிருக்கும்.

முரசுக்குள் என்ன இருந்தது?

'சந்திரலேகா' பார்க்காதவர்களுக்கும் முரசு நடனம் தெரிந்திருக்கும். யூடியூபில் அந்தத் துண்டு மட்டும் தனியாகச் சுற்றுகிறது. வரிசை வரிசையாக ராட்சத முரசுகள். அவற்றின் மேலும் கீழும் சுமார் 400 நடனக் கலைஞர்கள். மாதக்கணக்கில் ஒத்திகை. ஆளைக் காப்பி பேஸ்ட் செய்து கூட்டம் காட்டும் வசதி அன்று கிடையாது. திரையில் தெரியும் ஒவ்வொருவரும் அன்று அந்தத் தளத்தில் நின்று ஆடியவர்.

ஆனால் துண்டாகப் பார்க்கும்போது முக்கியமான விஷயம் ஒன்று காணாமல் போய்விடுகிறது. இந்த நடனம் ஏன் நடக்கிறது?

சசாங்கன் பிடியில் சிக்கிய சந்திரலேகா, அவன் பக்கத்தில் வரும்போதெல்லாம் மயங்கி விழுவதுபோல் நடித்துத் தப்பிக்கிறாள். கடைசியில் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்கிறாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அரண்மனையில் பிரம்மாண்டமான முரசு நடனம் ஒன்று நடக்க வேண்டும். மயங்கிக் கிடக்கும் தம்பி உடனே ஒத்துக்கொள்கிறான். ஆட்டம் முடிந்ததும் முரசுகளின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்கிறார்கள் அண்ணனின் வீரர்கள். அதன் பிறகு சகோதரர்களுக்கு இடையில் நீண்ட வாள் சண்டை.

முரசு அவ்வளவு பெரிதாக இருந்தால்தானே உள்ளே ஆள் ஒளிய முடியும்? நடனம் அவ்வளவு பளபளப்பாக இருந்தால்தானே வில்லன் ஏமாறுவான்? அதாவது, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாமும் திரைக்குள் உட்கார்ந்திருக்கும் சசாங்கனும் ஒரே காட்சியில் வாய் பிளந்து நிற்கிறோம். அந்த நேரத்தில் கதை நம் காலடியில் நகர்ந்துவிடுகிறது. இங்கே பிரம்மாண்டத்தை எடுத்துவிட்டால், கதையின் க்ளைமாக்ஸும் போய்விடும்.

சர்க்கஸுக்கும் இதே கணக்குதான். தம்பி அண்ணனைக் குகையில் தள்ளிப் பாறையால் அடைத்துவிடுகிறான். அந்தப் பாறையை நகர்த்துவது சர்க்கஸ் யானைகள். ஆனால் படம் முழுக்க இப்படி என்று சொல்ல முடியாது. சர்க்கஸ் காட்சிகள் கதைக்குத் தேவைப்பட்டதைவிட ரொம்பவே நீளம். அங்கே கதை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது. முரசு நடனம் இன்றும் பேசப்படுவதும், சர்க்கஸை ஓட்டிவிட்டுப் பார்க்கத் தோன்றுவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

ஏன் இந்திக்குப் போனார்?

1948 ஏப்ரலில் தமிழில் வெளியான படத்தை மக்கள் அலைஅலையாகப் பார்த்தார்கள். ஆனாலும் போட்ட பணம் முழுவதையும் தமிழ்ச் சந்தையால் திருப்பித் தர முடியவில்லை. பிரம்மாண்டத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. படம் ஹிட் ஆனாலும் கணக்கு இடிக்கும்.

வாசன் சில காட்சிகளை மாற்றி எடுத்து, அதே ஆண்டு டிசம்பரில் இந்தியில் வெளியிட்டார். தபால் வியாபாரக் காலத்து விளம்பர மூளை இங்கே முழு வீச்சில் வேலை செய்தது. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம், ஊரெங்கும் போஸ்டர், ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பிரிண்டுகள். இந்திப் பதிப்பு ஓடு ஓடென்று ஓடியது. மெட்ராஸ் ஸ்டூடியோக்கள் வட இந்தியாவை ஒரு சந்தையாகப் பார்க்க ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் இந்த வெற்றி. பான் இந்தியா என்று இன்று சொல்வதன் முதல் வரைபடம் என்றே இதைச் சொல்லலாம்.

எந்தக் கதை மொழி தாண்டும் என்பதையும் இந்தப் பணக் கணக்கே முடிவு செய்தது. அண்ணன் தம்பி சண்டை, சிம்மாசனம், வாள் வீச்சு, நடனம் ஆகியவற்றுக்கு மொழி தேவையில்லை. மயிலாப்பூர் வீட்டுத் திண்ணை நகைச்சுவைக்குத் தேவை. செலவு ஏற ஏற, சந்தை பெரிதாக வேண்டும். சந்தை பெரிதாகப் பெரிதாக, ஊர் வாசனை உள்ள கதைகள் பின்னால் தள்ளப்படும். இது வாசனின் ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல, பணம் இழுத்துச் சென்ற பாதை.

அதே ஸ்டூடியோவின் சின்னப் படம்

'சந்திரலேகா'வுக்கு முந்தைய ஆண்டு, 1947-ல், ஜெமினி 'மிஸ் மாலினி' என்றொரு படம் எடுத்தது. கதை, ஆர்.கே.நாராயண். நாயகி புஷ்பவல்லி. சம்பத் என்ற பேச்சுச் சாமர்த்தியக்கார ஏமாற்றுப் பேர்வழியாக கொத்தமங்கலம் சுப்பு. பின்னாளில் ஜெமினி கணேசன் என்று புகழ்பெற்ற இளைஞர் ஒரு சின்ன வேடத்தில் எட்டிப் பார்த்ததும் இதில்தான்.

வாள் கிடையாது, யானை கிடையாது. நகரத்து மனிதர்களின் ஆசையையும் பித்தலாட்டத்தையும் கிண்டல் செய்யும் படம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். வசூல் இல்லை.

அதாவது, கதையை நம்பி எடுத்த படம் தோற்றது. சொத்தை அடகு வைத்து எடுத்த படம் வென்றது. ஒரு ஸ்டூடியோ முதலாளி இதிலிருந்து என்ன பாடம் கற்பார்?

வாசன் கற்றது எதிர்பார்க்கக்கூடிய பாடம்தான். கிராமத்துச் சாமானிய ரசிகனுக்குப் படம் ஒரு திருவிழா மாதிரி இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கையானது. ஆனால் சம்பத்தை அவர் கைவிடவில்லை. 1952-ல் மோதிலால், பத்மினி நடிக்க இந்தியில் 'மிஸ்டர் சம்பத்' படத்தைத் தானே இயக்கினார். பிரம்மாண்டத்தின் ராஜா, இயக்குநராகத் தொட்ட அந்தக் கதையில் பிரம்மாண்டத்துக்கு இடமே இல்லை.

'மிஸ் மாலினி'யின் பிரதி எதுவும் இன்று மிஞ்சவில்லை என்றே கருதப்படுகிறது. 'சந்திரலேகா'வை இப்போதும் உங்கள் மொபைலில் பார்க்கலாம். ஓடிய படத்தைப் பத்திரப்படுத்தினார்கள், ஓடாத படம் தொலைந்தது. எளிய கதைகளை அந்தக் கால சினிமா சொல்லவே இல்லை என்று நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'சந்திரலேகா'வுக்குப் பிறகு

அடுத்த 20 ஆண்டுகளில் வாசன் இரண்டு பாதையிலும் மாறி மாறி நடந்தார்.

1953-ல் 'ஔவையார்'. இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. யானைக் கூட்டம் கோட்டையை உடைக்கும் காட்சிக்காக அப்போது பேசப்பட்டது. ஆனால் அந்தப் படத்தைத் தாங்கி நிற்பது கே.பி.சுந்தராம்பாளின் குரலும், தடி ஊன்றி ஊர் ஊராக நடக்கும் ஒரு கிழவியின் உருவமும்தான்.

1955-ல் இந்தியில் 'இன்சானியத்'. திலீப் குமார், தேவ் ஆனந்த் இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம். அமெரிக்காவிலிருந்து ஜிப்பி என்ற சிம்பன்சி வேறு வந்தது. எல்லாம் இருந்தும், அந்த இரண்டு பெயருக்காக மட்டுமே இன்று அந்தப் படம் நினைக்கப்படுகிறது.

1958-ல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. கப்பல், சிறை, அரண்மனை என்று மறுபடியும் பெரிய கேன்வாஸ். ஆனால் மக்கள் மனதில் நின்றது பத்மினியும் வைஜெயந்திமாலாவும் மோதும் நடனப் போட்டி, நடுவில் பி.எஸ்.வீரப்பா சொல்லும் அந்த வசனம். 10 ஆண்டுக்கு முன் 400 பேரை ஆட வைத்தவர், இங்கே இரண்டே பேரை வைத்து அதே பரபரப்பைக் கொண்டுவந்தார். ஜெயிக்கப்போவது யார் என்ற கேள்வி ஒன்றே போதுமானதாக இருந்தது.

பிறகு வந்தவை கிட்டத்தட்ட எல்லாமே குடும்பமும் சமூகமும்தான். ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 1959-ல் திலீப் குமாரோடு இந்தியில் 'பைகாம்', 1960-ல் சிவாஜியோடு தமிழில் 'இரும்புத்திரை'. 1966-ல் வாசனின் மகன் எஸ்.எஸ்.பாலன் இயக்கத்தில் 'மோட்டார் சுந்தரம் பிள்ளை'. இரண்டு ஊரில் இரண்டு குடும்பம் வைத்திருக்கும் ஒரு மரியாதைக்குரிய மனிதரின் கதை. 1968-ல் எம்.ஜி.ஆரின் 100-வது படமாக 'ஒளி விளக்கு' ஜெமினியிலிருந்து வந்தது. 'சதி லீலாவதி'யில் தொடங்கிய கணக்கு அங்கே ஒரு சுற்று சுற்றி வந்தது.

அதற்குள் காலம் மாறியிருந்தது. மாதச் சம்பள முறை உடைந்து, நட்சத்திரங்கள் கையில் அதிகாரம் போனது. நூற்றுக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருந்த பெரிய ஸ்டூடியோக்களால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. 1964 முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வாசனுக்கு 1969-ல் பத்மபூஷண் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று அவர் காலமானார். ஸ்டூடியோவும் அடுத்த சில ஆண்டுகளில் அடங்கியது. அது இருந்த இடத்தில் இன்று ஹோட்டலும் வணிக வளாகமும் நிற்கின்றன. எதிரே உள்ள பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்பது அரசு வைத்த பெயர். சென்னை மக்களுக்கு அது இன்னும் ஜெமினி பாலம்தான்.

சரி, விடை என்ன?

வாசன் வாழ்க்கையை வைத்துக் கதைதான் பெரிது என்று தீர்ப்பு சொன்னால் 'மிஸ் மாலினி' குறுக்கே நிற்கும். பிரம்மாண்டமே போதும் என்றால் 'இன்சானியத்' குறுக்கே நிற்கும். அவருடைய படங்களில் காலம் தாண்டி நின்ற காட்சிகளைக் கவனித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. முரசு நடனத்திலும் சரி, நடனப் போட்டியிலும் சரி, யார் யாரை ஏமாற்றுகிறார், யார் தோற்றால் என்ன இழப்பு என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். அது தெரிந்த பிறகுதான் 400 பேர் ஆடினாலும் இரண்டு பேர் ஆடினாலும் கண் அகலாமல் பார்க்கிறோம்.

அடுத்த முறை ஒரு பெரிய படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம். படத்தின் மிகப் பெரிய காட்சியை மனதுக்குள் வெட்டி எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் கதை அப்படியே ஓடுகிறது என்றால் அது வாசனின் சர்க்கஸ். கதை அங்கேயே நின்றுவிடுகிறது என்றால் அது வாசனின் முரசு.